நாலு பேருக்கு நடுவே: குழு சிகிச்சையில் என்ன நடக்கும்?

"குழு சிகிச்சைக்குப் போய்ப் பாருங்களேன்" என்று என் மனநல மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா போன பிறகு எனக்குள் நடந்துகொண்டிருந்ததை மூடிய அறையில் அவர் ஒருவரிடம் சொல்லவே ஏழு மாதம் பிடித்தது. அதையே முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமா? வீட்டில் பேச்செடுத்ததும் அம்மா கேட்டதும் அதையேதான்: "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னடா ஆகும்?"

இந்த நாலு பேரை நினைத்து எத்தனையோ பேர் மருத்துவர் வாசலைக்கூட மிதிப்பதில்லை. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிற அதே வாய்தான், "கடைசியில தூக்கிட்டுப் போகவாவது நாலு பேர் வேணும்" என்றும் சொல்கிறது. குழு சிகிச்சைக்குப் போகிற எல்லோரும் முதலில் சொன்ன அந்த நாலு பேரை நினைத்து நடுங்கிக்கொண்டேதான் போகிறார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த நடுக்கம் கொஞ்சம் குறையும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் ஒருவர் குழுவை நடத்துவார்; சில இடங்களில் இரண்டு பேர். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆறிலிருந்து பத்துப் பேர் வரை. வாரம் ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம்போல. சில குழுக்களில் தொடங்கிய நாளில் இருந்தவர்களே கடைசி வரை இருப்பார்கள். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், பதினாறு வாரம் என்று முன்பே கணக்குச் சொல்லிவிடுவார்கள். வேறு சில குழுக்களில் ஒருவர் முடித்துப் போவார், புதிதாக ஒருவர் வருவார், குழு வருடக்கணக்கில் ஓடும்.

நடக்கிற விதமும் ஒன்றுபோல இருக்காது. சிலவற்றில் நோயைப் பற்றிய விளக்கம்தான் முக்கியம், ஏறக்குறைய வகுப்பு மாதிரி. பதற்றம், மனச்சோர்வு, உணர்ச்சிக் கொந்தளிப்பு போன்றவற்றுக்குப் பயிற்சி தரும் குழுக்களில் கையில் தாள் இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும், போன வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். மூன்றாவது வகையில் பாடத்திட்டம் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் பேசுவதும், அவர்களுக்கு இடையில் நடப்பதும்தான் அங்கே சிகிச்சை. நான் போனது இந்த மூன்றாவது வகைக்கு. எந்த வகை என்று கேட்டுக்கொள்ளாமல் போனால், பாடம் எதிர்பார்த்தவருக்கு மௌனமும் பேச நினைத்தவருக்கு வீட்டுப்பாடமும் கிடைக்கும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1905ஆம் ஆண்டு ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார். காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். பணக்காரர்கள் மலைப்பகுதி சானடோரியங்களுக்குப் போனார்கள். ஏழைகள் நெரிசலான குடியிருப்புகளில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே எப்படி ஓய்வெடுப்பது, எங்கே படுப்பது, என்ன சாப்பிடுவது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லாமல்தான் பிராட் இருபது பேரை ஒன்றாக உட்கார வைத்தார். ஆளுக்கொரு குறிப்பேடு, உடல் சூடு, ஓய்வு நேரம், சாப்பாடு எல்லாம் தினமும் அதில் எழுத வேண்டும். வாராவாரம் வந்து எடை பார்க்க வேண்டும்.

அவர் மிச்சப்படுத்த நினைத்தது நேரத்தை மட்டும். ஆனால் போகப் போக வேறொன்றைக் கவனித்தார். ஒருவருக்கு எடை கூடினால் மற்றவர்கள் முகம் மலர்ந்தது. வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், வெவ்வேறு மதத்தவர்கள், ஆனாலும் ஒரே நோய் அவர்களை ஒன்றாகக் கட்டியிருந்தது. சோர்ந்துபோய் வந்தவரிடம் மருத்துவர் சொன்னால் எடுபடாத தைரியம், பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் எடுபட்டது. மனத்துக்கான குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நுரையீரல் நோயாளிகளிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்கள் ஏராளம், மனநல மருத்துவர்கள் சிலர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் நடந்த குழுச் சோதனைகள் இந்த முறையை இன்னும் வளர்த்தன. நம் நாட்டிலும் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்து, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தை உடன் தங்க வைக்கும் முறைக்காக வெகுகாலமாகப் பெயர்பெற்றது.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

குழுவில் சேருமுன் தெரபிஸ்ட் உங்களைத் தனியாகச் சந்திப்பார். ஒருவேளை சந்திக்காமலே நேரடியாக வரச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்தச் சந்திப்பில் அவர் உங்களைப் பார்க்கிற மாதிரி நீங்களும் அவரைப் பார்க்கலாம். குழு நடத்தத் தனியாகப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, எத்தனை வாரம், எவ்வளவு கட்டணம், நடுவில் விலக நினைத்தால் என்ன செய்வது, அழுகை வந்துவிட்டால் என்ன, பேசவே பிடிக்காவிட்டால் என்ன? எல்லாவற்றையும் கேளுங்கள். பொதுவாகத் தனிச் சிகிச்சையைவிடக் குழுவுக்குக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழுவில் சேர்ந்ததால் அதை நிறுத்தக் கூடாது. அது வேறு, இது வேறு.

எல்லோருக்கும் இருக்கிற பெரிய கேள்வி ரகசியம். இதில் பூசி மெழுகக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மருத்துவர் இல்லை. அவரைக் கட்டுப்படுத்துவது அவர் கொடுத்த வாக்கு மட்டும்தான். அதனால்தான் முதல் நாள் முதல் பேச்சே அதுவாக இருக்கிறது. இங்கே கேட்டது இங்கேயே. வீட்டில்கூட, பெயர் சொல்லாமல்கூட, வேண்டாம். வெளியில் எங்காவது பார்த்தால் எப்படி நடந்துகொள்வது என்றும் பேசி முடிவு செய்வார்கள். எங்கள் குழுவில் வைத்துக்கொண்ட ஏற்பாடு: யாரும் முந்திக்கொண்டு போய்ப் பேசுவதில்லை, எதிரில் இருப்பவர் விரும்பினால் மட்டும் ஒரு தலையசைப்பு. சின்ன ஊர்களில் தெரிந்த முகம் குழுவிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே நுழைந்ததும் அப்படி யாரையாவது பார்த்தால் தயங்காமல் தெரபிஸ்டிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்; இருவரில் ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றிவிடலாம். அந்த வாக்கை மனத்தில் வைத்துத்தான் இங்கேயும் எழுதுகிறேன். எனக்கு நடந்ததைச் சொல்வேன், மற்றவர்களின் கதை எதையும் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் மேசை இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கையை எங்கே வைப்பது, காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் போய்விட்டது. மேசை எவ்வளவு பெரிய மறைப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். தெரபிஸ்ட் விதிகளைச் சொன்னார், பெயர்களைக் கேட்டார், அப்புறம் சும்மா இருந்தார். மின்விசிறி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. அவர் ஏதாவது ஆரம்பிப்பார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது. எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது. அன்று நான் என் பெயரையும், "அப்பா தவறிட்டார்" என்ற ஒரு வரியையும் தவிர எதுவும் சொல்லவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. முதல் நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு வருவது முழுக்க ஏற்கத்தக்கது. கேட்பதும் அங்கே ஒரு வேலைதான்.

அடுத்த சில வாரங்கள் பெரும்பாலான குழுக்களில் ஒரே மாதிரி போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எல்லோரும் எல்லோருக்கும் அறிவுரை சொல்வார்கள். தூக்கம் வரவில்லை என்றால், பாலில் ஜாதிக்காய் போடச் சொல்வார்கள். மாமியார் பிரச்சினை என்றால் தனிக்குடித்தனம். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் தீர்வு சொல்லிவிட்டால் அந்த வலியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அதனாலும்தான் சொல்கிறோம். "அவர் சொன்னதைக் கேட்டப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று தெரபிஸ்ட் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி முதலில் எரிச்சலூட்டும். "டாக்டர், நீங்களே ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாராவது கெஞ்சுவார்கள். பலரும் விலகிப் போவது இந்தக் கட்டத்தில்தான். "இவர்கள் பிரச்சினையைக் கேட்க நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று எனக்கும் மூன்றாவது வாரம் தோன்றியது. அப்படித் தோன்றினால் வராமல் நின்றுவிடாதீர்கள், அதைக் குழுவிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்ன பிறகுதான் இன்னும் இரண்டு பேர் "எனக்கும்" என்றார்கள்.

நம்மூர்க் குழுக்களில் இன்னொன்றும் நடக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று தெரபிஸ்ட் சொல்லியும், வயதில் மூத்தவரை வெறும் பெயரால் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணா, அக்கா என்று தானாக ஒட்டிக்கொண்டது. அவர் தடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அண்ணான்னு கூப்பிட்டுட்டா, அவர் மேல கோபம் வந்தா சொல்ல முடியுமா?" யாரிடமும் பதில் இல்லை. வீட்டில் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோமோ அதே இடத்தில் இங்கேயும் மூடிக்கொள்கிறோம் என்பது அப்போது உறைத்தது. குழுவின் பலமே இதுதான். தனிச் சிகிச்சையில் நான் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறேன் என்பதை நானே சொல்கிறேன், தெரபிஸ்ட் கேட்டுக்கொள்கிறார். குழுவில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நடந்தே காட்டிவிடுகிறேன், எட்டுப் பேர் பார்த்துவிடுகிறார்கள்.

எனக்கு அது ஆறாவது வாரம் நடந்தது. அப்பாவின் கடைசி இரவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது, நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் ஓடியது, எல்லாம். எதிரில் இருந்த அம்மா ஒருவர் குறுக்கிட்டார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இவ்வளவையும் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க." நான் சிரிக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. ஏழு மாதம் எதிரில் உட்கார்ந்து கேட்ட மருத்துவரும் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "சிரிக்கலையே" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லும்போதே உதடு விரிந்திருப்பது தெரிந்தது. அப்புறம் பேச முடியவில்லை. யாரும் எழுந்து வந்து தண்ணீர் கொடுக்கவில்லை, "அழாதீங்க" என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் அழுகிறவரை உடனே அடக்கிவிடுவது வழக்கம். அங்கே விட்டுவிட்டார்கள். அந்த அம்மாவின் பெயரோ கதையோ இங்கே வேண்டாம். அவருக்கு நான் பட்ட கடன் மட்டும் பெரியது.

இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குழுவில் மனிதர்களுக்கு எதனால் குணம் கிடைக்கிறது என்று ஆராய்ந்து பதினொரு காரணிகளைப் பட்டியலிட்டார். அவற்றில் இரண்டை என் அனுபவத்தில் நிச்சயமாகச் சொல்வேன். ஒன்று, 'எனக்கு மட்டும் இல்லை' என்று தெரிவது. அப்பாவின் சாவில் எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை உலகத்தில் வேறு எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். சொன்னபோது தலைகள் ஆடின. இன்னொன்று, நாமும் ஒருவருக்கு உதவ முடிகிறது என்று பார்ப்பது. மனச்சோர்வு முதலில் பறிப்பது 'நான் யாருக்கும் பயன்படுவேன்' என்ற எண்ணத்தைத்தான். என்னுடைய ஒரு சொல் இன்னொருவரின் வாரத்தைக் கொஞ்சம் இலேசாக்கியது என்று அவரே சொன்ன அன்று, பல மாதம் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இதெல்லாம் ஒருவனுடைய அனுபவம்தானே, ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்கலாம். உண்டு. எனக்கு மிகப் பிடித்த ஆய்வு உகாண்டாவில் நடந்தது. முடிவு 2003இல் வெளியானது. தென்மேற்கு உகாண்டாவில் எய்ட்ஸ் கிராமம் கிராமமாக ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. மனநல மருத்துவர்கள் இல்லை, மாத்திரைக்குக் காசில்லை. ஆய்வாளர்கள் முதலில் மக்கள் தங்கள் துயரத்தை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டார்கள். மனச்சோர்வு என்ற மருத்துவப் பெயர் அவர்களிடம் இல்லை. தன்னையே வெறுப்பது, தன்னையே எண்ணி இரங்குவது என்ற பொருளில் இரண்டு சொற்கள் இருந்தன. அந்தச் சொற்களிலிருந்தே தொடங்கினார்கள். 30 கிராமங்களை எடுத்துக்கொண்டு சீட்டுப் போட்டதுபோலப் பிரித்து, ஒரு பாதியில் குழுக்கள் அமைத்தார்கள். ஆண்களுக்குத் தனிக் குழு, பெண்களுக்குத் தனிக் குழு. வாரம் ஒன்றரை மணி நேரம், பதினாறு வாரம். நடத்தியவர்கள் இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். பேச்சு முழுக்க உறவுகளைச் சுற்றித்தான்: யார் இறந்தார்கள், யாரோடு சண்டை, வாழ்க்கை எப்போது தலைகீழானது.

தொடங்கும்போது குழுவில் சேர்ந்தவர்களில் 86 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. முடிந்தபோது அது 6.5 சதவீதம். குழு இல்லாத கிராமங்களிலும் தானாகக் குறையத்தான் செய்தது, 94 சதவீதத்திலிருந்து 54.7 சதவீதத்துக்கு. குழு இருந்த கிராமங்களுக்கும் இல்லாத கிராமங்களுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்தக் குழு முறைக்கு ஒரு கையேடே வெளியிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அதே ஆண்டு வந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரே சிகிச்சையை ஒரே அளவில் தனியாகக் கொடுத்தாலும் குழுவாகக் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய சமம்தான் என்று சொன்னது. குழு என்பது ஆள் பற்றாக்குறைக்குச் செய்யும் மலிவான மாற்று என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

எல்லோருக்கும் எப்போதும் குழு ஏற்றது என்று சொல்லவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருக்கும் நேரத்தில் குழுவுக்கு அனுப்பக் கூடாது; உடனடி மருத்துவ உதவிதான் வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை இரவு பகலாக இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்பது, நிதானமே இல்லாத வேகம் போன்றவை உச்சத்தில் இருக்கும்போதும், போதையில் இருக்கும்போதும் குழு வேலை செய்யாது. தணிந்த பிறகு வரலாம். அண்மையில் நடந்த கொடுமையை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால் முதலில் தனியாகப் பேசுவது நல்லது.

குழுவே சரியில்லாமலும் இருக்கலாம். அழவில்லை என்று ஒருவரை நெருக்குவது, ஒருவரை எல்லோரும் சேர்ந்து குத்திக்காட்டும்போது தெரபிஸ்ட் வேடிக்கை பார்ப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, கோயிலோ சபையோ ஜாதியோ உள்ளே நுழைவது, சொன்ன ரகசியம் வெளியே கசிந்தும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வெளியேறுங்கள். மனம் சங்கடப்படுவது வேறு, அவமானப்படுத்தப்படுவது வேறு. முதலாவது குழுவில் சகஜம். இரண்டாவது எந்த நாளும் கூடாது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்களைப் பலர் குழு சிகிச்சை என்றே நினைக்கிறார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது அது. அங்கே தெரபிஸ்ட் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்பு. குடிப்பவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. இரண்டுமே தமிழ்நாட்டில் நடக்கின்றன, எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. சிகிச்சைக் குழு வேண்டுமென்றால் குடிநோய் மறுவாழ்வு மையங்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் ஆகியவற்றில் முதலில் விசாரியுங்கள். கொரோனாவுக்குப் பிறகு இணையம் வழியாகவும் நடக்கிறது. வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் மொட்டை மாடியிலிருந்தும், நிறுத்திய காருக்குள்ளிருந்தும் சேர்ந்துகொள்கிறார்கள். காதில் ஹெட்போன் கட்டாயம்.

கடைசியாக, குழு முடிவதைப் பற்றி. நல்ல தெரபிஸ்ட் அதைத் திடுதிப்பென்று முடிக்க மாட்டார். சில வாரங்களுக்கு முன்பே, "இன்னும் மூன்று தடவைதான் சந்திக்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுவார். அப்போது பழைய தூக்கமின்மை திரும்பும், சிலர் வராமல் இருக்கப் பார்ப்பார்கள். நான் பதினைந்தாவது வாரம் போகவில்லை. அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்தவன், இங்கேயும் அதையே செய்யப் பார்த்திருக்கிறேன். பதினாறாவது வாரம் போனேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, என்ன கிடைத்தது என்று சொல்லி, போய் வருகிறேன் என்று சொன்னேன். உகாண்டாவில் பல குழுக்கள் பதினாறு வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே கூடிக்கொண்டிருந்தனவாம். எங்கள் குழு கூடவில்லை, அது எங்கள் ஏற்பாடு.

போன தீபாவளிக்கு ஜவுளிக்கடை ஒன்றில் அம்மாவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று கவுன்டர் தள்ளி அந்த வட்டத்து முகம் ஒன்று, குடும்பத்தோடு. நான் பேசாமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த துணியை மடித்து வைத்தார், தலையை லேசாக அசைத்தார். நானும் அசைத்தேன். "யாருடா அது?" என்று அம்மா கேட்டாள். "தெரிஞ்சவங்கம்மா" என்றேன்.